குள்ளர் கோட்டைக்குக் குழாய் போட்ட கதை

என் ஊரில் இருநூறு பேர். ஒருவர்கூடத் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் பீர், மத்தியானம் காளான் ஒயின், ராத்திரி மறுபடியும் பீர். கக்கூஸ் என்ற ஒன்றே ஊரில் கிடையாது. அந்தத் தொந்தரவு அவர்கள் உடம்புக்கு இல்லை. இந்த ஊருக்குத்தான் நான்கு மாதமாக ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து குடிநீர்த் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஒன்றரை மணிக்கு மனைவி எழுந்து வந்தாள். "இந்நேரத்துல என்ன பண்றீங்க?"

"மெயின் லைன்ல பிரஷர் ஜாஸ்தியா இருக்கு."

"நம்ம வீட்டு மோட்டார் மூணு நாளா முனகிட்டு இருக்கு. அதையும் கொஞ்சம் பாருங்க."

அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் மெயின் லைனைத்தான் பார்த்தேன்.

ஆட்டத்தின் பெயர் ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ். ஏற்கெனவே தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் 2002-ல் ஆரம்பித்து, 2006 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்டார்கள். நிரல் எழுதுகிற டார்ன், ஸ்டான்ஃபோர்டில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். பல்கலைக்கழக வேலையை உதறிவிட்டு இதிலேயே உட்கார்ந்துவிட்டார். பதினாறு வருஷம் ரசிகர்களின் நன்கொடையில் வண்டி ஓடியது. 2022 டிசம்பரில்தான் படங்களும் மவுஸும் சேர்த்து ஸ்டீமில் விலைக்கு வந்தது. அதற்கு முன்னால் திரை முழுக்க எழுத்தும் குறியும்தான்: குள்ளர் என்றால் ஒரு சிரித்த மூஞ்சி, நாய் என்றால் ஆங்கில 'டி', பூனை என்றால் 'சி'. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-ல் முதன்முதலாகத் தன் சேகரிப்புக்கு எடுத்துக்கொண்ட 14 ஆட்டங்களில் இதுவும் ஒன்று.

ஆரம்பத்தில் ஏழு குள்ளர்களும் ஒரு வண்டிச் சாமானும் கொடுப்பார்கள். சித்திரக்குள்ளர் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஏழு பழகிய எண்தான். மலையைக் குடைந்து வீடு, பட்டறை, சாப்பாட்டுக் கூடம் எல்லாம் நாமே அமைக்க வேண்டும். குள்ளர்களை நேராக நடத்த முடியாது. "இங்கே தோண்டு" என்று குறித்து வைக்கலாம், யாருக்கு மனசிருக்கிறதோ அவர் வந்து தோண்டுவார். நல்ல செய்தி பரவினால் ஆட்கள் குடியேற வருவார்கள். கூடவே கெட்டவர்களும் வருவார்கள். ஜெயிப்பது என்ற ஒன்று கிடையாது. என்றைக்காவது ஒரு நாள் ஊர் அழியும். "தோற்பதுதான் வேடிக்கை" என்பது இந்த ஆட்டக்காரர்களின் தாரக மந்திரம்.

சரி, குடிகாரர்களுக்கு எதற்குத் தண்ணீர்?

'தண்ணி' என்ற சொல்லுக்கு நம் ஊரில் இரண்டு அர்த்தம். குள்ளர்களுக்கு நாளெல்லாம் இரண்டாவது அர்த்தம்தான். முதல் அர்த்தம் ஆஸ்பத்திரியில் படுத்தால் மட்டும். கால் ஒடிந்து கிடப்பவருக்கு யாரும் பீர் ஊற்றிக் கொடுக்க மாட்டார்கள். வாளியில் தண்ணீர்தான் கொண்டு வருவார்கள். பக்கத்து அறையில் அறுபது பீப்பாய் ஒயின் அடுக்கியிருந்தாலும், ஊரில் தண்ணீர் இல்லையென்றால் அவர் நாக்கு வறண்டு செத்துப்போவார். காயம் கழுவவும் தண்ணீர்தான் வேண்டும். சோப்பு இருந்தால் சீழ் பிடிப்பது குறையும். குளிர்ப் பிரதேசத்தில் ஊர் வைத்தால் ஆறு உறைந்துபோகும், பூமிக்குள் சேமித்த தண்ணீர் உறையாது. அப்புறம் விவசாயம். மண் தரையில் காளான் சும்மா வளரும். பாறைத் தரையில் வளர வேண்டுமென்றால் ஒரு தடவை வெள்ளம் பாய்ச்சி வண்டல் படிய விட வேண்டும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது சாரல். சாப்பாட்டுக் கூடத்தில் ஓர் அருவி விழ வைத்தால் அதன் சாரல் பட்ட குள்ளர்கள் சந்தோஷமாகிவிடுகிறார்கள். குற்றாலத்துக்குப் போய்விட்டு வந்தவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன், எனக்கு இதில் சந்தேகமே வரவில்லை.

என் முதல் ஊர் மூழ்கித்தான் செத்தது. அதைச் சொல்வதற்கு முன், இந்த ஆட்டத்தில் தண்ணீர் எப்படி நடந்துகொள்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

உலகம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் 0 முதல் 7 வரை. 1 என்றால் தரை நனைந்திருக்கிறது, விட்டால் காய்ந்துவிடும். 3 வரை குள்ளர்கள் சளக் சளக்கென்று நடந்துவிடுவார்கள். 4 ஆனால் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். 7 என்றால் கூரை வரை தண்ணீர், நீச்சல் தெரியாதவன் கதை முடிந்தது. 2007 அக்டோபர் வரை ஆட்டம் ஒரே தளமாகத் தட்டையாக இருந்தது. பிறகுதான் மேலே கீழே என்று தளங்கள் வந்தன. தளம் வந்தவுடன் தண்ணீர் விழ ஆரம்பித்தது, விழுகிற தண்ணீருக்கு அழுத்தமும் வந்தது.

அந்த அழுத்தத்தை டார்ன் ஆடம்ஸ் கணக்கில் கொண்டுவந்த விதம் எளிமையானது. நிறைந்த கட்டத்துக்குள் மேலிருந்து இன்னும் தண்ணீர் வந்தால், அது அடுத்தடுத்த நிறைந்த கட்டங்கள் வழியாகத் தேடிக்கொண்டே போய், எங்கே இடம் காலியோ அங்கே ஒரே தாவலில் போய் நிற்கும். பக்கவாட்டில் போகும், கீழே போகும், மேலேயும் ஏறும். கிளம்பிய உயரத்தை மட்டும் தாண்டாது. கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, இரண்டு முனையிலும் தண்ணீர் மட்டம் ஒன்றாக நிற்கும் லெவல் டியூப், அதே சங்கதி.

நான் என்ன செய்தேன்? மலை உச்சியில் ஆறு. பத்துத் தளத்துக்குக் கீழே சாப்பாட்டுக் கூடம். நடுவில் நேராக ஒரு குழாய். கூடத்தின் மத்தியில் அழகாக ஒரு கிணறு. கிணறு கட்ட ஒரு கல், ஒரு வாளி, ஒரு கயிறு, ஒரு இயந்திரப் பகுதி போதும், கட்டியாயிற்று. மதகைத் திறந்தேன். பத்துத் தளத்து டியூபின் ஒரு முனை ஆற்றில், இன்னொரு முனை என் சாப்பாட்டு மேஜை நடுவில். கிணறு குடிக்கிற கிணறாக இல்லாமல் பொங்குகிற ஊற்றாகிவிட்டது. கூடம் நிறைந்தது, மாடிப்படி வழியாக ஏறியது. மதகை மூடலாம் என்றால் அதன் நெம்புகோல் அதே கூடத்தில், மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில். நாற்பத்தொரு பேர். கடைசியாக மேலே மிதந்து வந்தது ஒரு பூனை.

அதற்கப்புறம்தான் திட்டம் போட்டுச் செய்வது என்று முடிவெடுத்தேன். இந்தத் தடவை பெரிய ஊர். பரப்பு 192-க்கு 192 கட்டம், இருபத்தைந்து தளம், இருநூறு பேர், ஏழு தளத்தில் ஏழு கிணறு. ஊருக்கு 'ஏழுகிணறு' என்றே பெயர் வைத்தேன். சென்னையில் அந்தப் பெயரில் இருக்கும் பகுதியும் ஒரு கோட்டைக்காக வந்ததுதான்: 1772-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க வெட்டிய கிணறுகளால் வந்த பெயர். கோட்டை கட்டியவன் எவனும் ஒரு கட்டத்தில் பிளம்பரைத் தேடியிருக்கிறான்.

டிஎஃப்ஹேக் என்று ரசிகர்கள் எழுதிய துணை நிரல் ஒன்று இருக்கிறது. அதில் எக்ஸெல் தாளில் வரைபடம் போட்டுக் கொடுத்தால் அப்படியே ஆட்டத்துக்குள் இறக்கிவிடலாம். ஒவ்வொரு செல்லும் ஒரு கட்டம், ஒவ்வொரு ஷீட்டும் ஒரு தளம். சுரங்கம் தோண்ட 'டி', மேலே நின்று தரையைக் கீழ்நோக்கி வெட்ட 'ஹெச்', ஏறி இறங்கும் படிக்கு 'ஐ'. ஆபீஸில் வருஷக்கணக்காகச் சம்பளத்துக்குப் போட்ட எக்ஸெல்லை முதல் தடவையாக ஆசையோடு போட்டேன். நிறமெல்லாம் அடித்தேன். நீலம் நல்ல தண்ணீர், பழுப்பு வடிகால், சிவப்பு நெம்புகோல்.

வீட்டு மோட்டார் ஐந்தாவது நாள் நின்றேவிட்டது. மனைவி என்னிடம் சொல்லாமல் அவள் அக்காவுக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை சகலை வந்து இறங்கினார்.

சகலை இருபத்தைந்து வருஷமாக பிளம்பிங் கான்ட்ராக்ட் எடுப்பவர். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அண்ணே என்பேன். அவர் என்னைச் சகல என்பார். சம்ப்புக்குள் கையை விட்டார், ஃபுட் வால்வைக் கழற்றினார், அதிலிருந்து ஒரு கைப்பிடி கசடு எடுத்துப் போட்டார், மோட்டார் ஓடியது. அரை மணி நேரம். காபி குடிக்க உள்ளே வந்தவர் கண்ணில் என் கணினித் திரை பட்டது.

"என்ன சகல இது, அபார்ட்மென்ட் பிளானா?"

விளக்கினேன். குள்ளர், கோட்டை, பீர் எல்லாம். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இருபத்தைந்து வருஷத்தில் இதைவிடக் கிறுக்கான வாடிக்கையாளர்களைப் பார்த்திருப்பார் போல. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆத்துல இருந்து எடுக்குற. சரி. எத்தன அடி எறங்குது?"

"இருபது தளம்."

"அப்ப அடித் தளத்துல குழாயப் பிச்சுக்கிட்டுப் போகுமே. பி.ஆர்.வி. எங்க?"

பெரிய அடுக்குமாடிகளில் கீழ்த் தளங்களுக்கு அழுத்தம் குறைக்கும் வால்வு போடுவார்கள், அதைத்தான் கேட்கிறார். என்னிடம் அதற்குப் பதில் இருந்தது. முதல் ஊர் மூழ்கியபின் நான் படித்துத் தெரிந்துகொண்டது அது ஒன்றைத்தான். ஆட்டத்தில் தண்ணீரின் அந்தத் தாவல் கணக்கு கட்டத்தின் நேர்ப் பக்கங்கள் வழியாக மட்டுமே வேலை செய்யும். மூலைக்கு மூலை தொடுகிற கட்டத்துக்குத் தண்ணீர் சாதாரணமாக வழிந்து போகும், ஆனால் அழுத்தம் போகாது. வாய்க்காலில் ஒரே ஓர் இடத்தில் நேர் வழியை அடைத்துவிட்டுக் குறுக்கு மூலையாகத் திருப்பினால் போதும்; மேலே இருபது தளத்துத் தண்ணீர் நின்றாலும் இந்தப் பக்கம் சாதுவாக நிரம்பி, அந்தத் தளத்தோடு நின்றுவிடும். மறுபடி கீழே விழுந்தால் அழுத்தம் திரும்ப வந்துவிடும் என்பதால் ஒவ்வொரு தளத்துக் கிளையிலும் ஒரு மூலை வைத்திருந்தேன்.

சகலை ரொம்ப நேரம் திரையையே பார்த்தார். "மூலையா திருப்பினா பிரஷர் போயிருமா?"

"போயிரும்ணே."

"எல்போ மாதிரி?"

"எல்போவுல போகாது. மூலையில போகும்."

"அந்த ஃபிட்டிங் எங்க விக்கிறான்னு கேட்டுச் சொல்லு. நான் ஒரு லோடு எடுத்துக்கறேன்."

அப்புறம்தான் என்னைக் கவிழ்த்த கேள்வி வந்தது. பேனாவை எடுத்துத் திரையில் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "வர்ற வழி எல்லாம் போட்டுட்ட. கெணறு போட்டுட்ட. மீறி வந்தா எங்கிட்டுப் போகும்? கலுங்கு எங்க?"

கலங்கல் என்று புத்தகத்தில் படித்த சொல், அவர் வாயில் கலுங்கு. ஏரியோ கண்மாயோ நிரம்பினால் கரை உடையாமல் மிச்சத் தண்ணீர் தானாக வெளியேறும் இடம். என் எக்ஸெல் தாளில் பழுப்பு நிறம் மொத்தமே மூன்று இடத்தில்தான் இருந்தது, அதுவும் அருவித் தண்ணீர் வடிய. கிணறுகளுக்கு ஒன்றும் இல்லை. மூலைத் தந்திரம் இருக்கும்போது எதற்கு என்று நினைத்திருந்தேன். அதைச் சொன்னேன்.

"சகல, பால் வால்வு இருக்குன்னு ஓவர்ஃப்ளோ பைப் போடாம விட்ட வீட்டுக்காரன் எத்தன பேர் எனக்கு ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் போட்டிருக்கான் தெரியுமா?"

அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு வரை இரண்டு பேரும் பழுப்பு நிறம் அடித்தோம். ஒவ்வொரு கிணற்றுக்குப் பக்கத்திலும் தரையில் ஒரு ஜல்லடை. அதற்குக் கீழே ஓர் ஓடை. எல்லா ஓடையும் ஒரு பொதுக் கழிவுத் தண்டுக்குள் விழும். தண்டு அடித்தளத்தில் ஒரு சுரங்கமாகி உலகத்தின் விளிம்புக்குப் போகும். விளிம்புப் பாறையை வழவழப்பாக்கி அதில் அம்பு எய்யும் துளை செதுக்கினால், அதன் வழியாகத் தண்ணீர் வெளியே போய்விடும், திரும்பி வராது. "அந்தப் பக்கம் எவன் எடம்?" என்று கேட்டார் சகலை. எவன் இடமும் இல்லை, அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை என்றேன். அவர் தொழிலில் இப்படி ஒரு வசதி கிடைத்ததே இல்லையாம்.

அருவிக்கு வருவோம். இதில் நான் தனியாக மாட்டிக்கொண்டேன்.

அருவித் தண்ணீரை ஆற்றிலிருந்து எடுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கலாம். எனக்கு அது ஊதாரித்தனமாகப் பட்டது. கீழே ஒரு தொட்டியில் பிடித்து மறுபடி மேலே ஏற்றலாம் என்று நினைத்தேன். ஏற்றுவது திருகு பம்பு, ஆர்க்கிமிடீஸ் திருகு. ஒரு பம்பு ஒரு தளம்தான் ஏற்றும்: தனக்குக் கீழ்த் தளத்திலிருந்து உறிஞ்சித் தன் தளத்தில் கொட்டும். ஆறு தளம் ஏற்ற ஆறு பம்பை ஒன்றன்மேல் ஒன்றாக, திசையை மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் 10 அலகு சக்தி தின்னும். ஆற்றில் வைக்கும் நீர்ச்சக்கரம் 100 கொடுக்கும், அதில் 10 தனக்கே. மிச்சம் 90. பம்புகளுக்கு 60. ஆற்றிலிருந்து சக்தியைக் கீழே இறக்கும் அச்சுக்குக் கட்டத்துக்கு 1 வீதம் 12. திரும்பும் இடங்களில் மூன்று பல்சக்கரம், தலைக்கு 5, ஆக 15. மொத்தம் 87. கையில் மூன்று மிச்சம். இந்தக் கணக்கை எழுதி முடித்ததும் எனக்கு வந்த கர்வம், பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்குக்கூட வரவில்லை.

சகலை போட்ட கழிவுத் தண்டு சரியாக என் அச்சு இறங்கும் வழியில் வந்தது. தண்டை நகர்த்த மனசில்லை. அச்சை நான்கு கட்டம் தள்ளினேன். 91.

இந்த ஆட்டத்தில் ஒரு அலகு குறைந்தால் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும் என்றெல்லாம் கிடையாது. மொத்த இயந்திரமும் அசையாமல் நிற்கும். ஒரு வாரம் அருவி ஏன் விழவில்லை என்று தெரியாமல் பம்பு பம்பாகப் பிரித்துப் பார்த்தேன். கடைசியில் இரண்டாவது சக்கரம் ஒன்றை ஆற்றில் நட்டேன், ஓடியது. 2010-ல் ஓர் ஆட்டக்காரர் இதே பம்பையும் பல்சக்கரத்தையும் வைத்து, கணக்குப் போடுகிற ஒரு கணினியையே கோட்டைக்குள் கட்டினார். அதில் 672 பம்புகள். அந்த மனிதர் எத்தனை ராத்திரி தூங்கவில்லையோ.

நெம்புகோல்கள் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மதகை ஒரு நெம்புகோலோடு இணைக்க இரண்டு இயந்திரப் பகுதி செலவாகும், அதில் ஒன்றும் சிரமமில்லை. எந்த நெம்புகோல் எதற்கு என்று நினைவில் வைத்துக்கொள்வதுதான் சிரமம். 2006-07 வாக்கில் போட்மர்டர்ட் என்ற கோட்டையைப் பல பேர் ஆளுக்கு ஒரு வருஷம் ஆண்டு, அடுத்தவரிடம் ஒப்படைத்தார்கள். யானைகள் வந்து ஆளை மிதித்த கோட்டை. அதில் ஒரு நெம்புகோலை இழுத்தால் எரிமலைக் குழம்பு வெளியே பாய்ந்து கண்ணுக்கெட்டிய தூரம் எல்லாவற்றையும் கொளுத்தும். அந்த ஊர் கடைசியில் நெருப்பிலும் பைத்தியத்திலும்தான் முடிந்தது. நான் அந்தக் கதையைப் படித்தவன் என்பதால், எல்லா நெம்புகோலையும் தண்ணீர் ஏற முடியாத உயரத்தில் ஒரே அறையில் வைத்துப் பெயர் எழுதினேன். எங்கள் அப்பார்ட்மென்ட் மெயின் போர்டில் இல்லாத ஒழுங்கு.

ஆற்றை உடைக்கும் நாள் வந்தது. ஊர் தொடங்கி ஆறாவது வருஷம், ஆட்டக் கணக்கில்.

முறை இதுதான்: ஆற்றுக்குப் பக்கத்தில் வரை சுரங்கம் தயார், நடுவில் மதகு தயார். கடைசி ஒரு கட்டத்தை மட்டும் கீழேயிருந்து தொடக்கூடாது. மேலே ஆற்றங்கரையில் நின்று தரையைக் கீழ்நோக்கி வெட்ட வேண்டும். தண்ணீர் கீழே பாயும், வெட்டியவர் மேலே பத்திரமாக நிற்பார். அதாவது மேல் தளத்து ஷீட்டில் 'ஹெச்'. நான் கீழ்த் தளத்து ஷீட்டில் 'டி' என்று அடித்திருந்தேன். ஈரக்கல் இருக்கிறது என்று ஆட்டம் வேலையை நிறுத்தி எச்சரித்தது. ஆற்றுக்குப் பக்கத்தில் ஈரம் இல்லாமல் என்ன இருக்கும் என்று நானே மறுபடி உத்தரவு போட்டேன்.

சுரங்கக்காரர் பிக்காசைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். நான் முன்ஜாக்கிரதையாக மதகை மூடச் சொல்லியிருந்தேன். அவர் மதகைத் தாண்டி உள்ளே போனதும் அது அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது. எதற்காக அந்த மதகை அங்கே வைத்தேனோ அந்த வேலையை அது பிசகாமல் செய்தது. ஏழு குள்ளர்களில் ஒருவர் அவர், முதல் நாளிலிருந்து கூட இருந்தவர். ஊரில் பாதி அவர் தோண்டியது.

கொஞ்ச நேரம் எழுந்து போய் பால்கனியில் நின்றேன். வந்து மதகைத் திறந்தேன். வேறு என்ன செய்வது? தண்ணீர் தண்டில் இறங்கியது, கிளைகளில் திரும்பியது, மூலைகளில் அடங்கியது. ஏழு தொட்டியும் நிரம்பின, ஏழு கிணறும் தளும்பாமல் நின்றன. கலுங்குகள் ஏழும் காய்ந்து கிடந்தன. திட்டம் பலித்துவிட்டது.

அதன் பிறகு இரண்டு பிரச்சினை. ஒன்று எல்லாப் பெரிய ஊருக்கும் வருவது. நூறு ஃப்ரேம் வேகத்தில் ஓடிய ஆட்டம் பதினெட்டுக்கு வந்து நின்றது. இருநூறு பேர் எந்த வழியில் நடப்பது என்று கணினி ஒவ்வொரு நொடியும் யோசிக்க வேண்டும், அதோடு ஓடுகிற தண்ணீரின் ஒவ்வொரு கட்டத்தையும் கணக்கெடுக்க வேண்டும். தேங்கி நிற்கிற தண்ணீருக்குச் செலவு குறைவு, அசைகிற தண்ணீர்தான் கணினியின் உயிரை எடுக்கும். அதனால் ஒரு வாரம் மண்டையை உடைத்துக் கட்டிய அருவியை இப்போது பெரும்பாலும் நிறுத்தியே வைத்திருக்கிறேன். ஊரில் சாவு விழுந்து எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரியும்போது மட்டும் ஒரு பல்சக்கரத்தை இணைத்து ஓட விடுவேன். சீசனுக்கு அருவி விழுகிற மாதிரி.

இரண்டாவது பிரச்சினை அந்தச் சுரங்கக்காரர். வெள்ளம் அவரை இழுத்துக்கொண்டு போய் முதல் கிளைத் தொட்டியில் போட்டிருந்தது. அதுதான் ஆஸ்பத்திரிக் கிணறு. நோயாளிகளுக்குப் போகும் வாளித் தண்ணீரில் ரத்தம் கலந்திருக்கிறது என்று ஆட்டம் சொல்லியது. அடக்கம் செய்யாத குள்ளர் சும்மா இருக்க மாட்டார் வேறு. கொஞ்ச நாளில் ஆவியாக வந்து படுக்கையறைகளில் நின்றார். பெயர் பொறித்த கல் ஒன்று வைத்தால் ஆவி அடங்கும். ஆற்றங்கரையில், அவர் நின்றிருக்க வேண்டிய அதே கட்டத்தில், ஒரு நடுகல் நட்டேன். ஆவி போய்விட்டது. உடம்பு தொட்டியில்தான் இருந்தது.

ஏழு கிணறும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துச் சகலைக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். விஷயத்தையும் எழுதினேன். பத்து நிமிஷத்தில் குரல் செய்தி வந்தது, பின்னணியில் டிரில்லிங் சத்தத்தோடு.

"எல்லாஞ் சரி சகல. தொட்டியக் கழுவணும்னா எப்படி எறங்குவ? மேன்ஹோல் எங்க? அடியில வாஷ் அவுட் எங்க? கலுங்க நாஞ் சொன்னேன். மடைய நீயா யோசிக்க மாட்டியா?"

யோசிக்கவில்லை. தொட்டிக்கு ஆள் இறங்க வழி இல்லை, அடியில் திறந்துவிடவும் வழி இல்லை. கீழேயிருந்து துளை போடலாம், அதற்கு இன்னொரு சுரங்கக்காரரைக் கொல்ல வேண்டும். இரண்டு ராத்திரி யோசித்து, கிளை மதகை மூடிவிட்டு, கிணற்றைப் பிரித்து அந்த இடத்தில் ஒரு திருகு பம்பு வைத்தேன். நீர்ச்சக்கரம் எதுவும் இல்லாமல் கையால் சுற்றுவது. வேலையில்லாமல் திரிந்த ஒரு சீஸ் செய்பவரை அதில் நிறுத்தினேன். அவர் சுற்றச் சுற்றத் தொட்டித் தண்ணீர் மேலே ஏறி, ஜல்லடையில் விழுந்து, அதுவரை ஒரு சொட்டுக்கூடக் காணாத ஓடையில் ஓடியது.

படம் எடுத்து அனுப்பினேன். "அண்ணே, கலுங்கு மறுகால் போகுது."

கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அவர் ஊரில் என்ன செய்வார்கள் என்பது பதிலில் வந்தது: "அப்ப கெடா வெட்டிற வேண்டியதுதான்."

மறுநாள் ராத்திரி தொட்டி வற்றியது. சேற்றில் அவரும், பக்கத்தில் அவருடைய செம்புப் பிக்காசும் கிடந்தன. ஜன்னல் மாதிரி ஒரு வழி வெட்டி இரண்டு பேரை உள்ளே இறக்கினேன். ஒருவர் உடம்பைத் தூக்கிக்கொண்டு கல்லறைப் பக்கம் போனார். இன்னொருவர் பிக்காசைக் கொண்டுபோய் ஸ்டாக்கில் போட்டுவிட்டு நேராகச் சாராயக் கூடத்துக்குப் போனார்.